பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டிஸ்டிரிபியூட்டர்

நான்கு சிலிண்டர்களையுடைய பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுழலுமாயின், ஒரு வினாடியில் அதற்கு 100 தீப்பொறிகள் வேண்டும். அந்த நூறும் ஒரே இடத்தில் விழுவனவல்ல. முதற் சிலிண்டர், மூன்றாவது, நான்காவது, இரண்டாவது என்னும் முறை பிறழாமல் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்திலேயே விழவேண்டும். விழும் காலமும் பிசகலாகாது. அவ்வேகத்தில் எஞ்சினின் கிராங்கு ஷாப்டு ஒரு பாகை திரும்புதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியை 18,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறேயாம். இத்துணை நுட்பமான கணக்கை இந்நாளைய வண்டிகளில் மின்னணுக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. அரை நூற்றாண்டுக்கு முன் அதனைப் பார்த்தது ஒரு கைக்குள் அடங்கும் அலுமினியக் கிண்ணமும், அதனுள் ஓர் அச்சும், இரண்டு சிறு எடைகளும், இரண்டு ஸ்பிரிங்குகளுமே. அக்கருவிக்கு டிஸ்டிரிபியூட்டர் என்று பெயர்.

தமிழில் இதனைப் பொறி வழங்கி என்று சொல்லிவிடலாம். ஆனால் பொறி என்னும் சொல் தீப்பொறிக்கும் இயந்திரத்துக்கும் ஐம்புலக் கருவிகளுக்கும் எலி பிடிக்கும் கருவிக்கும் பொதுவாய் நிற்பதால், இக்கட்டுரையைப் படிப்போர் எந்தப் பொறியென்று மயங்குவர். ஆகவே வழங்கும் பெயரையே வழங்குகிறேன். நம் நாட்டுப் பட்டறைகளில் இதற்கு டெல்கோ என்றொரு பெயரும் உண்டு. அது வந்த வழியைப் பின்னர்க் காண்போம். தமிழ் பயில்வோனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஒரு பழைய நூலின் ஏட்டைச் செல்லரித்த இடம் பார்த்துச் செப்பஞ்செய்வதும், ஒரு பழைய கருவியைத் தேய்ந்த இடம் பார்த்துச் செப்பஞ்செய்வதும் வெகு தூரம் விலகிய தொழில்கள் அல்ல.

எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஒரு வண்டியைச் சான்றாக வைத்துக்கொள்வது நலம். இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பெற்ற எம்.ஜி.பி. என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அப்பெயரால் வெளிவந்தன. அவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன. அதன் 1798 கன சென்டிமீட்டர் எஞ்சின் 'பி ஸீரிஸ்' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் இளைய உடன்பிறப்பு நமக்கு அந்நியமன்று. 1489 கன சென்டிமீட்டர் அளவில் நம் அம்பாசடர் வண்டியில் நெடுங்காலம் ஓடிய எஞ்சினும் அதுவே. ஆதலின் பர்மிங்ஹாமில் ஒருவர் தம் எம்.ஜி.பி.க்குச் செய்யும் இவ்வேலையின் பெரும்பகுதியை, நம்மூர்ப் பழைய மெக்கானிக் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார்.

எம்.ஜி.பி.யின் முதற் பன்னிரண்டு ஆண்டு வண்டிகளில் இருந்த டிஸ்டிரிபியூட்டர் லூகாஸ் கம்பெனியாரின் '25 டி 4' என்பது. ஜோஸப் லூகாஸ் என்பவர் பர்மிங்ஹாமில் விளக்கு விற்றுத் தொழில் தொடங்கியவர். 1879-ல் அவர் சைக்கிளுக்கென்று செய்த விளக்குக்கு 'வீதியரசன்' என்று பெயரிட்டார். பிற்காலத்து வண்டிக்காரர்கள், அக்கம்பெனியின் மின்கருவிகள் நடுவழியில் கைவிடுகின்றன என்று நொந்து, அவருக்கே 'இருளின் இளவரசன்' என்று பட்டஞ் சூட்டினர். நகைப்புக்கு அது நன்று, நியாயம் அன்று. ஐம்பது ஆண்டு எண்ணெய் காணாமல் ஓடிய அச்சு தேய்ந்தால் அதற்குச் செய்தவன் பொறுப்பாளி ஆகான். அதே கம்பெனியின் பெயர் சென்னைப் பாடியில் 1961-ல் நிறுவப்பெற்ற லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையால் நமக்கும் பழகியதே.

இனி, கருவி வேலை செய்யும் வகையைச் சொல்வேன். இதனை அறியாமல் புதுக்குதல் இயலாது.

பேட்டரியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் காயில் என்னும் கம்பிச் சுருளின் முதற் சுற்றுக்குள் புகுந்து, டிஸ்டிரிபியூட்டரிலுள்ள பாயிண்டுகள் வழியாக வண்டியின் உடலுக்குச் செல்கிறது. பாயிண்டுகள் என்பன ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரண்டு டங்ஸ்டன் முனைகள். அவை தொட்டிருக்குங்கால் காயிலில் காந்தப்புலம் வளர்கிறது. அச்சின் மேலுள்ள நான்கு மூலைக் காம் சுழன்று ஒரு மூலையால் அவற்றைப் பிரித்தவுடன் மின்சாரம் அறுகிறது. காந்தப்புலம் சட்டென்று குலைகிறது. அக்குலைவே காயிலின் இரண்டாஞ் சுற்றிலுள்ள பல்லாயிரம் முறுக்குகளில் ஏறக்குறைய 20,000 வோல்ட் அழுத்தத்தை எழுப்புகிறது. அம்மின்சாரம் மூடியின் நடுவிலுள்ள கரிமுனை வழியாக ரோட்டார் என்னும் சுழற்கையை அடைந்து, அக்கை அப்பொழுது எந்தச் சிலிண்டரின் முனையைக் காட்டுகிறதோ அங்கே தாவி, ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறியாய்த் தோன்றுகிறது. பாயிண்டுகளுக்கு இணையாகக் கண்டென்ஸர் என்னும் சிறு குப்பியொன்று உண்டு. அதன் கொள்ளளவு ஒரு மைக்ரோபாரடில் ஐந்திலொரு பங்கு. அஃது இல்லையேல் பிரியும் முனைகளுக்கு இடையிலேயே சுடர் எழுந்து முனைகள் கருகும். பிளக்கிலோ பொறி சோர்ந்துவிடும்.

இவ்வமைப்பைச் செம்மைப்படுத்தி வழக்கிற் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் வேலை செய்த சார்லஸ் கெட்டரிங். 1910-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் அவருடைய முறை இடம்பெற்றது. அவரும் எட்வர்ட் டீட்ஸ் என்பவரும் 1909-ல் தொடங்கிய கம்பெனியின் நீண்ட பெயரான டேட்டன் எஞ்சினியரிங் லாபரட்டரீஸ் கம்பெனி என்பதன் முதலெழுத்துக்களே டெல்கோ. கம்பெனியின் பெயர் கருவிக்கு ஆகி, கடல் கடந்து நம் பட்டறைக்கும் வந்துவிட்டது. இதனை ஆகுபெயரில் எவ்வகையிற் சேர்ப்பது என்று இலக்கண வகுப்பார் ஆராய்க.

இதுகாறும் சொல்லியது பொறி பிறக்கும் வகை. அது பிறக்கவேண்டிய காலத்தைப் பற்றிய செய்தியே இக்கட்டுரைக்கு உயிராவது.

சிலிண்டருள் அடைந்த பெட்ரோல் ஆவி பொறி பட்டவுடன் ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் செல்லும். ஆகையால் பிஸ்டன் உச்சியை அடைதற்குச் சற்று முன்னரே பொறி விழவேண்டும். முற்பட்ட எம்.ஜி.பி. எஞ்சின்களுக்கு இம்முன்னேற்றம், எஞ்சின் நிற்கும் நிலையில், 10 பாகை என்று வகுத்திருந்தனர். வேகம் கூடக்கூட, தீ பரவும் நேரம் ஏறத்தாழ அவ்வாறேயிருக்க, பிஸ்டனோ விரைந்து வருகிறது. ஆதலால் பொறி இன்னும் முன்னதாக விழல் வேண்டும். இதனைச் செய்வன தட்டின் அடியில் மறைந்துள்ள இரண்டு எடைகள். அச்சு விரைந்து சுழல, அவை ஸ்பிரிங்குகளை இழுத்துக்கொண்டு வெளிப்புறம் விரிகின்றன. விரியுந்தோறும் காமைச் சுழலும் திசையில் சற்று முன்னே திருப்புகின்றன. நிமிஷத்துக்கு 2200 சுற்றளவில் இம்முன்னேற்றம் மேலும் 20 பாகையாகி அவ்வளவில் நின்றுவிடும். இது போதாதென்று, பக்கத்திலே ரப்பர்ச் சவ்வு பொருத்திய வாக்குவம் பெட்டி ஒன்றும் உண்டு. சமவெளியில் மெல்லச் செல்லும்போது சிலிண்டருள் ஆவி அடர்த்தியின்றி இருப்பதால் மெதுவாக எரியும். அவ்வேளையில் கார்புரேட்டரிலிருந்து வரும் உறிஞ்சல் சவ்வை இழுத்துப் பாயிண்டுத் தட்டையே திருப்பி மேலும் முன்னேற்றம் தருகிறது. மேட்டில் ஏறும்போது உறிஞ்சல் குன்றுவதால் அம்முன்னேற்றம் தானே நீங்கிவிடும். கணக்கறியாத இரும்பும் ரப்பரும் இவ்வளவு கணக்கிடுகின்றன.

காலம் தவறினால் விளைவது யாது? பொறி பிந்தினால் எஞ்சின் சோம்பும், சூடேறும், பெட்ரோல் வீணாகும். முந்தினாலோ கேடு பெரிது. உள்ளே சிறு சம்மட்டி கொண்டு தட்டினாற்போன்ற ஓசை எழும். அவ்வோசையைப் பொருட்படுத்தாமல் பாரத்தோடு நெடுந்தூரம் ஓட்டினால் பிஸ்டனின் தலையே ஓட்டையாகிவிடும். கைக்கடங்கும் கருவியொன்றின் தேய்வு எஞ்சின் முழுமையையும் கெடுப்பது இவ்வாறே.

பழைய வண்டி வாங்கிய வாலிபர் பலர் எஞ்சின் இடறுவதைக் கண்டவுடன் முதற்கண் செய்வது பாயிண்டுகளை எடுத்தெறிந்துவிட்டு மின்னணு இணைப்பு ஒன்றை வாங்கிப் பொருத்துவதாகும். பொருத்தியவுடன் வண்டி சற்றே நன்றாக ஓடும். நோய் தீர்ந்ததென்று மகிழ்வர். ஆனால் அவ்விணைப்பு மாற்றுவது பாயிண்டுகளை மட்டுமே. துருப்பிடித்துச் சிக்கிய எடைகளும், தளர்ந்த ஸ்பிரிங்குகளும், கிழிந்த சவ்வும் முன்போலவே கீழே கிடக்கின்றன. கெட்ட கடிகாரத்தைப் பார்த்து மணியடிப்பவனை நீக்கிவிட்டு, அதே கடிகாரத்தைப் பார்த்து இன்னும் ஒழுங்காக மணியடிக்கும் வேறொருவனை வைத்தது போலாம். முதலில் கடிகாரத்தைச் செப்பனிடல் வேண்டும் என்பதே என் துணிபு.

செப்பனிடும் முறை வருமாறு. டிஸ்டிரிபியூட்டரை எஞ்சினிலிருந்து கழற்றுகையில், அதன் கழுத்தை நெருக்கிப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தாமல், பிடித்தகட்டை எஞ்சினோடு இணைக்கும் இரண்டு திருகாணிகளை மட்டும் எடுத்தால், பழைய கால நிலை கலையாமல் கருவி வெளிவரும். அதன் உடலில் பொறித்திருக்கும் ஐந்திலக்க எண்ணைக் குறித்துக்கொள்க. தொடக்க கால எம்.ஜி.பி.களில் பெரும்பாலும் 40897 என்றிருக்கும். இந்த எண்ணே கருவியின் குலமும் கோத்திரமும். புறத்தோற்றத்தில் ஒன்றாகவே காணப்படும் 25 டி 4 கருவிகள் வேறு பல வண்டிகளுக்கும் செய்யப்பட்டன; ஒவ்வொன்றுக்கும் எடையும் ஸ்பிரிங்கும் முன்னேற்ற அளவும் வேறு. சந்தையில் மலிவாய்க் கிடைத்ததென்று வேறொரு குடும்ப வண்டியின் டிஸ்டிரிபியூட்டரைப் பொருத்தி ஓட்டுவோர் உளர். எஞ்சின் ஓடத்தான் செய்யும். பிறர் அங்கி தோளிற் பொருந்தினாலும் கை நீளம் பொருந்துவதில்லை.

மூடியையும் ரோட்டாரையும் எடுத்தபின், அச்சின் தலையை விரலாற் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவேண்டும். அசைவு புலப்படின் புஷ் தேய்ந்தது. நோய்களுள் முதன்மையானது இதுவே. பாயிண்டு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல்வேண்டும் என்று நூல் கூறும். அச்சே அங்குமிங்கும் ஆடுமாயின், காமின் ஒரு மூலைக்கு ஓர் இடைவெளியும் மற்றொரு மூலைக்கு வேறோர் இடைவெளியும் ஆகும். இடைவெளி கூடினால் பாயிண்டுகள் முந்தித் திறக்கும். குறைந்தால் பிந்தித் திறக்கும். ஆகவே நான்கு சிலிண்டர்களும் நான்கு வேறு காலத்தில் எரியும். ஸ்டிரோப் விளக்கைக் காட்டிப் பார்த்தால் கப்பியிலுள்ள குறி ஓரிடத்தில் நில்லாமல் நடுங்குவதைக் காணலாம்.

புஷ்ஷை மாற்ற அச்சை உருவவேண்டும். அச்சை உருவ, அதன் அடியிலுள்ள நாய்ப்பல் என்னும் இணைப்பைக் கழற்றவேண்டும். இப்பல்லின் நாக்கு அச்சின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். எஞ்சினுள் கருவி ஒரே வகையில் மட்டும் பொருந்துதற்கு அவ்வாறு செய்திருக்கிறார்கள். கழற்றுமுன் ரோட்டார் எத்திசை நோக்கும்போது நாக்கு எப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது என்பதைக் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்வது இன்றியமையாதது. மறந்து தலைமாற்றிப் பூட்டினால் ரோட்டார் எதிர்த்திசையை நோக்கும். முதற் சிலிண்டரில் ஆவி நெருங்கி நிற்கும்போது விழவேண்டிய பொறி நான்காவதற்குப் போய்விடும். எல்லாம் புதிதாயிருந்தும் வண்டி ஓடாது. பல்லைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுத்தபின் அச்சின் நுனியிலுள்ள பிசிறுகளை அரத்தால் நீக்கியே அச்சை மேலே உருவல் வேண்டும்.

புதிய புஷ் உலோகத் தூளை அழுத்திச் செய்தது. கண்ணுக்குப் புலனாகா நுண்டுளைகள் நிறைந்தது. அத்துளைகளில் எண்ணெய் உறைந்து நின்று நாளடைவில் கசிந்து அச்சை நனைக்கும். அதனால் பொருத்துமுன் அதனை எஞ்சின் எண்ணெயில் 24 மணி நேரம் மூழ்கவைக்க வேண்டும் என்று லூகாஸ் கம்பெனியார் விதித்தனர். அவசரமாயின் 100 பாகை சென்டிகிரேட் சூடுள்ள எண்ணெயில் 2 மணி நேரம் போதும் என்றும் சலுகை தந்தனர். அழுத்திப் பொருத்திய பின் அச்சு சிறிது இறுக்கமாகப் புகுந்தால், துளையை ரீமரால் அகலப்படுத்தக் கூடாது. அதனால் நுண்டுளைகள் அடைபட்டுப் போம். உடலை மெல்லத் தட்டித் தட்டி அச்சைச் சுழற்றினால் இறுக்கம் நெகிழும். அச்சிலேயே பள்ளம் விழுந்திருப்பின் புஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை, அச்சும் புதிதாகவேண்டும்.

எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்குமிடத்தில் பெரும்பாலும் உலர்ந்து களிம்பாகிய கிரீஸும் துருவுமே காணப்படும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எடைகள் சுழலும் முளைகளில் மெல்லிய எண்ணெய் இட்டால் அவை விரல் பட்டவுடன் விரிந்து விட்டவுடன் மீளும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங்குகள் இரண்டும் ஒன்றுபோல் இரா. ஒன்று மெல்லியது, எப்பொழுதும் இழுபட்டு நிற்பது. மற்றது தடித்தது; அதன் கொக்கி நீண்டு, எஞ்சின் நிற்கும்போது தொளதொளவென்று தொங்கும். அறியாதார் தடித்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதென்று எண்ணிக் கொக்கியைக் குறட்டால் நெருக்கிவிடுவர். அத்தளர்வு செய்தவன் வேண்டுமென்றே வைத்தது. தொடக்கத்தில் மெல்லிய ஸ்பிரிங் தனித்து நின்று எடைகளை எளிதில் விரியவிடும். முன்னேற்றம் விரைந்து ஏறும். சற்று விரிந்தபின் தடித்ததும் சேர்ந்து தடுக்க, ஏற்றம் மெதுவாகும். எஞ்சின் வேண்டுவதும் அவ்விரு நடையே. இருந்ததைத் திருத்தியதால் கெட்டுப்போன பாடம்போல, இவ்விடத்தில் கைவைத்துக் கெட்டுப்போன கருவிகள் பல. காமின் அடித்தகட்டிலும் ஓர் எண் பொறித்திருக்கும். 10 என்றிருந்தால் அச்சுக்குப் 10 பாகை. டிஸ்டிரிபியூட்டர் கிராங்கு ஷாப்டின் பாதி வேகத்தில் சுழல்வதால் கிராங்குக்கு அது 20 பாகை. பாதியா முழுமையா என்று குழம்புவோர் இக்கணக்கில்தான் குழம்புகின்றனர்.

வாக்குவம் பெட்டியைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டா. அதன் குழாய் முனையில் ரப்பர்க் குழல் மாட்டி வாயால் உறிஞ்சிக் குழலை நாவால் அடைத்தால், பாயிண்டுத் தட்டு திரும்பி அங்கேயே நிற்கவேண்டும். திரும்பாவிடில் தட்டு இறுகியது; திரும்பி உடனே மீண்டுவிடில் சவ்வு கிழிந்தது. புதுப் பெட்டி வாங்குங்கால் பழையதில் 5-13-10 என்பது போல் பொறித்த மூன்று எண்களையும் ஒப்பிட்டு வாங்கல் வேண்டும். முதலாவது முன்னேற்றம் தொடங்கும் உறிஞ்சலின் அளவை அங்குலப் பாதரசத்தில் குறிக்கும். இரண்டாவது அது முடியும் அளவு. மூன்றாவது அச்சுக்குக் கிடைக்கும் பாகை.

தட்டின்மேல் இரண்டு சிறு கம்பிகள் உண்டு. ஒன்று மின்சாரம் வருவது, மற்றது தட்டை உடலோடு இணைப்பது. தட்டு ஓயாமல் அசைவதால் இவை உள்ளேயே நைந்து அறுகின்றன. புறத்தே முழுமையாய்த் தோன்றி உள்ளே அறுந்த கம்பி, எஞ்சினை விட்டுவிட்டு இடறச் செய்யும்; காரணம் காண்பது மிக அரிது. மாற்றும்போது துணியுறை போர்த்திய நெகிழ்ந்த கம்பியே இடவேண்டும். வீட்டு மின்விளக்குக்கு இடும் விறைத்த கம்பியை இட்டால் தட்டின் அசைவையே அது தடுத்துவிடும்.

பாயிண்டுகளைப் புதிதாய் இடுவதில் விரிக்க அதிகமில்லை. முனைகளிலுள்ள காப்பு எண்ணெயைப் பெட்ரோலால் துடைத்து, குதிகால் காமின் உச்சியில் நிற்கும்போது இடைவெளியை அளந்து, காமில் ஒரு பொட்டு கிரீஸ் தடவினால் போதும். பழையனவற்றில் ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடும் எழுந்திருந்தால் கண்டென்ஸர் பொருந்தவில்லை என்பது குறிப்பு. இணைப்புக் கம்பிகளின் காதுகள் உலோகத்தைத் தொடாமல் காப்பு வாஷருக்கு மேலேயே நிற்கின்றனவா என்று இருமுறை பார்க்க. அதனை மாற்றி அடுக்கினால் பொறியே பிறவாது. ரோட்டாரைப் பற்றியும் ஒரு சொல். பிற்காலத்தில் மலிவாய்ச் செய்யப்பட்ட சிலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் அடியிலுள்ள அச்சை மிக நெருங்கியிருப்பதால், உயர் அழுத்த மின்சாரம் பிளக்குக்குச் செல்லாமல் அச்சுக்கே குறுக்குவழியாய்ப் பாய்ந்துவிடும். பழைய ரோட்டார் பிளவின்றி இருப்பின் புதியதை விட அதனை நம்பலாம்.

கருவி இவ்வாறு செப்பமான பின்னர் மின்னணு இணைப்பைப் பற்றிய ஆலோசனைக்கு இடமுண்டு. அவற்றுள் ஒருவகையில் காமின்மேல் நான்கு காந்தங்கள் பதித்த வளையம் சுழல, பக்கத்திலுள்ள உணர்கருவி அக்காந்தங்கள் கடப்பதை அறிந்து மின்சாரத்தை அறுக்கும். இதற்கு அடிப்படை 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த காந்த விளைவு. மற்றொரு வகையில் கண்ணுக்குத் தெரியா ஒளிக்கதிரைச் சுழலும் தகடு மறைத்தும் திறந்தும் காலம் காட்டும். இவற்றால் குதிகால் தேய்வு இல்லை, முனை கருகல் இல்லை, மிகு வேகத்தில் பாயிண்டு துள்ளுவதும் இல்லை. உண்மையான நன்மைகளே. எடையும் சவ்வும் இல்லாமல் முன்னேற்றத்தையே மின்னணுவாற் கணிக்கும் முழுப் புதுக்கருவிகளும் பழைய தோற்றத்திலேயே கிடைக்கின்றன. நாள்தோறும் வண்டியோட்டி அலுவலுக்குச் செல்வோருக்கு அவை தகும். மாதம் இருமுறை வெளியே எடுத்து மகிழ்வோருக்குச் செப்பனிட்ட பழைய கருவியே தகும் என்பேன். பாயிண்டு கெடும்போது முன்னறிவித்துக் கெடும். மின்னணு இணைப்புக் கெட்டால் சொல்லாமற் கெடும், நடுவழியில் அதனைச் செப்பனிடவும் ஒண்ணாது. அதனைப் பொருத்துவோரும் பழைய பாயிண்டையும் கண்டென்ஸரையும் வண்டியிலேயே வைத்திருத்தல் நலம். மேலும் ஒன்று: 1967-ஆம் ஆண்டு மாற்றத்துக்கு முற்பட்ட எம்.ஜி.பி.களில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது, பின்வந்தவற்றில் எதிர்முனை. இதனைப் பாராமல் பொருத்தினால் விலையுயர்ந்த இணைப்பு ஒரு கணத்திற் சாம்பலாகும்.

எஞ்சினில் மீண்டும் பொருத்திக் காலம் வைக்கையில், முதற் சிலிண்டரில் ஆவி நெருங்கும் வேளையில் கப்பியின் குறியை 10 பாகைக்குக் கொணர்க. குறி தாண்டிவிட்டால் சிறிதே பின்திருப்பி நிறுத்தலாகாது. நன்கு பின்சென்று மீண்டும் முன்வரவேண்டும். டிஸ்டிரிபியூட்டரின் மின்முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே 12 வோல்ட் சிறு விளக்கொன்றை இணைத்துச் சாவியைத் திருப்புக. ரோட்டார் இடஞ்சுழியாகச் சுழல்வதால், கிண்ணத்தை முதலில் இடப்புறம் திருப்பிப் பாயிண்டுகளை மூடவிட்டு, பின் மெல்ல வலப்புறம் திருப்பினால் ஓரிடத்தில் விளக்கு எரியும். அவ்விடமே பாயிண்டு திறக்கும் இடம்; அங்கே இறுக்குக. பின் எஞ்சினை ஓட்டி, வாக்குவம் குழாயைக் கழற்றி, ஸ்டிரோப் விளக்கால் பார்த்தால் 600 சுற்றில் குறி 14 பாகையளவில் நிற்கும். வேகத்தைக் கூட்ட அது தடையின்றி ஏறி 30 அளவில் நிற்கவேண்டும். ஏறாமல் நின்றாலும், ஏறியது இறங்காமல் நின்றாலும் எடைகளை மீண்டும் பார்க்கவேண்டியதே.

இவ்வளவும் நூல் சொல்லும் கணக்கு. அந்நூல் எழுதிய நாளில் இங்கிலாந்தில் விற்ற 'நான்கு நட்சத்திர'ப் பெட்ரோல் ஈயங் கலந்து 97 ஆக்டேன் உடையது. ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நின்றது; இன்று எங்கும் கிடைப்பது 95 ஆக்டேன். ஆகையால் வண்டியை மேடொன்றில் மேல் கியரில் முழு மூச்சாக ஏற்றிக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். சம்மட்டி ஓசை கேட்டால் வாக்குவம் பெட்டியின் நுனியிலுள்ள சிறு சக்கரத்தை, உடலில் 'ஆர்' என்னும் எழுத்துக் காட்டும் திசையில் திருப்புக. அது சிறு சிறு சொடுக்குகளாய்த் திரும்பும். 11 சொடுக்கு ஒரு பாகை. ஒவ்வொரு பாகையாய்க் குறைத்து, ஓசை அடங்கிய இடத்தில் நிறுத்துக. புதுப் பாயிண்டின் குதிகால் காமுக்கு இசைந்து தேய்வதற்கு ஏறத்தாழ 500 மைல் செல்லும். அதன்பின் இடைவெளியையும் காலத்தையும் இன்னொரு முறை பார்த்து, ரோட்டாரின் அடியில் இரண்டு துளி எண்ணெய் விட்டு மூடியை மாட்டலாம்.